காலியாகத் தெரிந்த மூன்றாவது சேனல்

இரவு எட்டு மணி ஆனால் எங்கள் வீட்டு நெட் படுத்துவிடும். காலையில் எவ்வளவு பெரிய கோப்பை இறக்கினாலும் பிரச்சினை இல்லை. மதியம் வீடியோ மீட்டிங் தடையில்லாமல் ஓடும். எட்டைத் தாண்டியதும் எதிரில் பேசுபவர் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நிற்பார். ஐந்து நொடி கழித்து மூன்று வாக்கியங்களை ஒரே மூச்சில் கொட்டுவார். என் வேலையில் முக்கியமான பேச்செல்லாம் இரவில்தான். அடுத்த அறையில் மகளுக்கும் அதே நேரத்தில் இணைய வகுப்பு. "அப்பா, மிஸ் கேட்ட கேள்வியே பாதியில கட் ஆயிடுச்சு, நான் பதில் சொல்லலைன்னு நினைச்சிட்டாங்க" என்று அவள் கண் கலங்கி வந்து நின்ற இரவில்தான், இதை முழுசாகப் புரிந்துகொண்டு சரிசெய்துவிடுவது என்று உட்கார்ந்தேன். அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்தது.

முதலில் இணைப்பு தரும் நிறுவனத்துக்குத்தான் ஃபோன் செய்தேன். அவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து சோதித்துவிட்டு லைன் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் இரவு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் ரூட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து, கேபிள் போட்டு மீட்டிங்கில் சேர்ந்தேன். ஒன்றரை மணி நேரம், ஒரு தடங்கல்கூட இல்லை. அவர்கள் சொன்னது உண்மைதான். கெட்டது வெளியே இல்லை. ரூட்டருக்கும் என் மேஜைக்கும் நடுவில் இருக்கும் சில அடி காற்றில்தான் இருந்தது.

இந்த ஒன்றை முதலில் உறுதி செய்யாமல் சேனலில், அதாவது ரூட்டர் பேசும் அலைவரிசை எண்ணில், கை வைக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லுவேன். கேபிள் போட வசதியில்லை என்றால் பிங் இருக்கிறது, ஒரு சின்னக் கேள்வியை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று பார்க்கும் சோதனை. ஆனால் இணையத்தில் உள்ள ஏதோ ஒரு தளத்துக்கு பிங் அடிக்காமல், உங்கள் ரூட்டரின் முகவரிக்கே அடிக்க வேண்டும். பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். அப்போது பதில் வரும் நேரம் வீட்டுக்குள் இருக்கும் தூரத்தை மட்டுமே காட்டும். கேபிளில் எனக்கு 1 மில்லி விநாடிக்கும் குறைவு. வைஃபையில் காலை பத்து மணிக்கு 3, 4, 3, 5 என்று வந்தது. இரவு எட்டரைக்கு அதே மேஜையில் வந்த வரிசையை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: 4, 6, 183, 5, 412, 97, அப்புறம் ஒரு பதிலே இல்லாத வரி, பிறகு 7. வெறும் பத்தடிக்கு அப்பால், இரண்டு சுவர் தாண்டி இருக்கும் பெட்டியிலிருந்து பதில் வர கிட்டத்தட்ட அரை விநாடி! ஃபோனில் சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்தே இருந்தன. அந்தக் கோடுகள் ரூட்டரின் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதைத்தான் காட்டும். பக்கத்தில் எத்தனை பேர் கத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் காட்டாது.

அப்புறம் ஆண்ட்ராய்டு ஃபோனில், சுற்றியுள்ள வைஃபைகளை எல்லாம் காட்டும் அனலைசர் செயலி ஒன்றை இறக்கிப் பார்த்தேன். குன்று குன்றாக வளைவுகள். வைஃபை பேசும் பட்டைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் 23 நெட்வொர்க் தெரிந்தது. அடுக்குமாடிக் கட்டடத்தில் வேறெப்படி இருக்கும். என் ரூட்டர் 6-ஆம் சேனலில், இன்னும் ஒன்பது பேரோடு. 1-இல் ஆறு, 11-இல் ஏழு. நடுவில் 3-ஆம் எண்ணுக்கு நேராக ஒரு பள்ளம், அதில் யாருமே இல்லை. இவ்வளவு நாள் இது கண்ணில் படவில்லையே என்று அப்போதே ரூட்டரின் அட்மின் பக்கத்தைத் திறந்து 3 என்று மாற்றினேன்.

அன்றிரவு முன்பைவிட மோசமாகிவிட்டது. பிங்கில் பதில் வராத வரிகள் முன்பு நிமிடத்துக்கு ஒன்றிரண்டாக இருந்தது போய், வரிசையாக மூன்று நான்கு வந்தன. மகள் வகுப்பிலிருந்து இரண்டு முறை வெளியே தள்ளப்பட்டாள்.

இது ஏன் என்று படித்துப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாள்தான் இந்த மாதத்திலேயே உருப்படியான நாட்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2400-இலிருந்து 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை. அதில் சேனல் எண்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் போடப்பட்டிருக்கின்றன: 1-ஆம் சேனலின் நடுப்புள்ளி 2412, 2-க்கு 2417, 3-க்கு 2422. ஆனால் வைஃபை பேசும்போது 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு விரிந்து பேசும். வரிசையாக நாற்காலி போட்டு எண் ஒட்டியிருக்கிறது, ஆனால் உட்காருகிற ஒவ்வொருவருக்கும் நான்கு நாற்காலி அகலம் வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? அதுதான் இங்கே நடக்கிறது. நான் உட்கார்ந்த 3-ஆம் சேனல் 2412 முதல் 2432 வரை. 1-ஆம் சேனல்காரர்கள் 2402 முதல் 2422 வரை. 6-ஆம் சேனல்காரர்கள் 2427 முதல் 2447 வரை. ஆக, 1-இல் இருந்த ஆறு பேரின் மடியில் பாதியும், 6-இல் இருந்த ஒன்பது பேரின் மடியில் காலும் என்று போய் உட்கார்ந்திருக்கிறேன். திரையில் பள்ளமாகத் தெரிந்த இடம், இரண்டு கூட்டமும் இடித்துக்கொள்ளும் இடம்.

இடித்தால்கூடப் பரவாயில்லை, அவரவர் முறை வரும்வரை காத்திருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் விஷயமே இருக்கிறது. வைஃபை கருவி எதுவும் பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் நிறுத்திக்கொண்டு, முடிந்ததும் சிறிது நேரம் விட்டுப் பேசும். ஒரே சேனலில் இருப்பவர்களுக்கு ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியும். "இது வைஃபை, இன்னும் இவ்வளவு நேரம் பேசப்போகிறார்" என்று தலைப்புப் பகுதியைப் படித்தே தெரிந்துகொண்டு ஒதுங்கும். இதற்கு மிக மெல்லிய குரல் போதும். சிக்னலின் பலத்தை அளக்கும் டிபிஎம் கணக்கில், தரநிலை கேட்பது மைனஸ் 82 அளவு. ஆனால் பாதி மட்டும் மேலே விழும் பக்கத்துச் சேனலின் பேச்சு புரியாது, அது வெறும் இரைச்சல். புரியாத இரைச்சல் என்றால், அது மைனஸ் 62 டிபிஎம் அளவுக்கு உரக்க இருந்தால்தான் கருவி வழிவிட வேண்டும். நடுவில் 20 டெசிபல் வித்தியாசம், அதாவது நூறு மடங்கு. அந்த நூறு மடங்கு இடைவெளியில் விழும் எல்லாப் பேச்சின் மேலும் என் ரூட்டர் வழிவிடாமல் பேசிக்கொண்டிருந்தது. அவர்களுடைய கருவிகளும் அப்படியே என் மேல் பேசின. இரண்டு பக்கமும் சிதைந்து, இரண்டு பக்கமும் திரும்ப அனுப்பி, நேரம் எல்லாம் அதிலேயே போனது. நான் எனக்கு மட்டும் கெடுதல் செய்துகொள்ளவில்லை, பதினைந்து வீட்டுக்கும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தேன் என்பது தெரிந்ததும் மனசு சங்கடப்பட்டது. உடனே மாற்றினேன்.

அதனால் 2.4-இல் 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றுதான். ஒன்றோடொன்று இடிக்காமல் சேர்ந்து இருக்கக்கூடிய மூன்று இவை. கூட்டமாக இருந்தாலும் இந்த மூன்றில் ஒன்றில் இருப்பதே மேல். வரிசையில் நின்று வாங்குவது நேரம் பிடிக்கும், ஆனால் வாங்கிவிடலாம். முட்டிமோதினால் யாருக்கும் கிடைக்காது.

சரி, மூன்றில் எது? பெயர்களை எண்ணி, குறைவாக உள்ள இடத்துக்குப் போவதுதான் எல்லோரும் சொல்லும் வழி. நானும் அப்படித்தான் முதலில் 1-க்குப் போனேன், அங்கே ஆறு பேர்தானே. கொஞ்சம் தேறியது, ஆனால் எட்டரை மணிக்கு மீண்டும் அதே இழுபறி. காரணம், அந்த ஆறில் ஒன்று எங்கள் சுவரை ஒட்டிய வீடு. என் ஃபோனில் மைனஸ் 51 டிபிஎம் என்று வந்தது. அங்கே இரவு முழுக்க டிவியில் இணைய வீடியோ ஓடும். 11-இல் ஏழு பேர் இருந்தார்கள், ஆனால் ஆறு பேர் மைனஸ் 84-க்கும் கீழே, எங்கேயோ எதிர்க் கட்டடத்தில் இருந்து முனகுகிறவர்கள். டிபிஎம்மில் பூஜ்யத்துக்கு அருகில் வர வர உரக்க என்று அர்த்தம். ஒவ்வொரு 10-க்கும் பத்து மடங்கு. மைனஸ் 51-க்கும் மைனஸ் 84-க்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்கு. எண்ணிக்கையில் ஒன்று கூடினாலும் 11 தான் எனக்கு நல்ல இடம்.

உரக்கக் கேட்பது ஒரு பக்கம், எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்பது இன்னொரு பக்கம். பெயர் மட்டும் இருந்து, வீட்டில் யாருமே இல்லாத ரூட்டர் விநாடிக்குப் பத்து முறை "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஒரு சின்ன அறிவிப்பை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும், பெரிய தொந்தரவில்லை. ஒரே ஒரு ரூட்டர் இடைவிடாமல் வேலை செய்தால் அது பத்துக்குச் சமம். இதை எப்படிப் பார்ப்பது? சில ரூட்டர்கள் தங்கள் அறிவிப்பிலேயே, இந்தச் சேனல் எத்தனை சதவீத நேரம் நிரம்பியிருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்லும். எல்லா அனலைசரும் அதைக் காட்டாது. பெயரைத் தட்டினால் விவரங்களில் சேனல் பயன்பாடு என்று ஒரு சதவீதம் வரும் செயலியாகத் தேடி வைத்துக்கொள்ளுங்கள், வளைவுகளைவிட அந்த ஓர் எண்தான் பேசும். எங்கள் கட்டடத்தில் இரண்டு ரூட்டர்கள் அதைச் சொல்லின. இரவில் 1-இல் இருந்தது 60-ஐத் தாண்டியது. 11-இல் இருந்தது 25 வாக்கில் நின்றது.

இங்கே ஃபோனைப் பற்றி ஒரு விஷயம். ஆண்ட்ராய்டு 9 வந்ததிலிருந்து, இப்படிப்பட்ட செயலிகள் இரண்டு நிமிடத்தில் நான்கு முறைதான் புதிதாகத் தேட முடியும். அது தெரியாமல் நான் கூடத்துக்குள் நடந்துகொண்டே பார்த்து, பழைய எண்களையே எழுதியிருக்கிறேன். ஆண்ட்ராய்டு 10 முதல் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் இந்தக் கட்டுப்பாட்டை நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு மேலே வைஃபை குறியைத் தொட்டால் வயர்லெஸ் டயக்னாஸ்டிக்ஸ் வரும், அதன் விண்டோ மெனுவில் ஸ்கேன் இருக்கிறது.

இனி சொல்லப்போவதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். இவ்வளவு நாளும் நான் பார்த்ததெல்லாம் கூடத்தில், ரூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு. ரூட்டர் அங்கேதானே இருக்கிறது, அங்கே காற்று எப்படி என்று பார்த்தால் போதாதா என்று எண்ணிவிட்டேன். ஒரு நாள் தற்செயலாக என் மேஜையில் உட்கார்ந்தபடியே அனலைசரைத் திறந்தேன். வேறு படம்! கூடத்தில் சரியாகக் கேட்காத நான்கு பெயர்கள் அங்கே கேட்டன. அவற்றில் ஒன்று 6-ஆம் சேனலில் மைனஸ் 46. என் மேஜைக்குப் பின்னால் உள்ள சுவருக்கு அந்தப் பக்கம், பின்வீட்டுக்காரர் தன் ரூட்டரை வைத்திருக்கிறார். கூடத்தில் நின்றால் நடுவே மூன்று சுவர், அதே பெயர் மைனஸ் 88-இல் வந்து வந்து மறைந்தது.

யோசித்துப் பாருங்கள். என் ரூட்டர் பேசும் முன் காது கொடுக்கிறது. அதற்குப் பின்வீட்டு ரூட்டர் கேட்கவில்லை. காற்று சும்மா இருக்கிறது என்று நினைத்து எனக்கு அனுப்புகிறது. அதே கணத்தில் பின்வீட்டு ரூட்டர் என் காதுக்குப் பக்கத்திலேயே கத்திக்கொண்டிருக்கிறது. என் லேப்டாப்புக்கு எதுவும் காதில் விழாது. ரூட்டர் மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்த்து, வேகத்தைக் குறைத்துப் பார்த்து, கடைசியில் கைவிடும். முதலில் நான் இருந்த 6-ஆம் சேனலில் இத்தனை நாள் நடந்தது இதுதான். ரூட்டரில் சேனலை ஆட்டோவில் விட்டால் ஏன் சரியாகவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஆட்டோ கேட்பது ரூட்டர் இருக்கும் இடத்துக் காதால். நான் உட்காரும் இடத்துக் காது அதற்கு இல்லை. பல வீட்டு ரூட்டர்கள் பவர் போட்டதும் ஒருமுறை கேட்டுவிட்டு அதோடு அந்தச் சேனலிலேயே இருந்துவிடுகின்றன. மின்சாரம் போய் வந்தால் கட்டடத்து ரூட்டர்கள் எல்லாம் ஒன்றாக எழுந்திருக்கும். எல்லாமே கேட்டுக்கொண்டிருக்கும், ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் எடுக்கும் முடிவு இரவு எட்டரைக்கு எப்படிப் பொருந்தும்?

அதனால் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினேன். என் மேஜை, மகளின் மேஜை, ரூட்டர் இருக்கும் இடம் என மூன்று இடங்கள். காலை பத்து, மாலை ஆறு, இரவு எட்டரை என மூன்று நேரங்கள். நான்கு நாள் எழுதினேன். மூன்று இடத்திலும் இரவு எட்டரைக்குத் தாங்கக்கூடியது 11 மட்டும்தான் என்று அந்தப் பக்கம் சொன்னது. மாற்றிவிட்டு மூன்று நாள் வேறு எதையும் தொடவில்லை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். பிங் 4, 5, 4, 9, 21, 5 என்று வந்தது. முற்றிலும் சுத்தமில்லை, ஆனால் பேச்சு அறுபடவில்லை.

சேனல் அகலம் என்று இன்னோர் அமைப்பு இருக்கிறது. 2.4-இல் என் ரூட்டரில் 20/40 என்று இருந்ததை 20 மட்டும் என்று ஆக்கினேன். மொத்தப் பட்டையே 83.5 மெகாஹெர்ட்ஸ். அதில் 40 எடுத்தால் கிட்டத்தட்ட பாதியை ஒருவரே போர்த்திக்கொள்கிறார். தனி வீட்டில், அக்கம்பக்கம் யாரும் இல்லாத இடத்தில் பரவாயில்லை. அடுக்குமாடியில் அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இந்த அகலத்தால்தான் மாடிவீட்டுக்காரரைப் பார்க்கப் போனேன். அவருடைய ரூட்டர் 8-ஆம் சேனலில், 40 அகலத்தில், எங்கள் தலைக்கு நேர் மேலே. பணி ஓய்வு பெற்றவர், என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். எப்படி ஆரம்பிப்பது என்று தயங்கியபடியே, "சார், ராத்திரில உங்களுக்கு நெட் நல்லா வருதா?" என்றேன். "எங்க தம்பி, பேரனோட வீடியோ கால் பேசினா பாதி நேரம் அவன் மூஞ்சி கட்டம் கட்டமா வருது. பழைய ரூட்டர்தானே, மாத்தணும்னு இருக்கேன்" என்றார். மாற்றவே தேவையில்லை என்று சொல்லி, அவர் வீட்டில் பேரனோடு பேசும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். அந்த இடத்தில் 6 நன்றாக இருந்தது. பின்வீட்டு இரைச்சல் அவர் மாடி வரை ஏறவில்லை. 6-க்கு மாற்றி, அகலத்தை 20 ஆக்கினோம். இரண்டு நாள் கழித்துப் படிக்கட்டில் பார்த்தபோது, "தம்பி, அவனுக்குப் பல் முளைச்சிருக்கு, இப்பதான் பார்த்தேன்" என்றார். என் பிங்கிலும் அந்த 21, 30 எல்லாம் குறைந்தது. பக்கத்து வீட்டோடு பேசுவது, எந்தச் செயலியைவிடவும் பலன் தந்தது.

அனலைசரில் தெரியாத எதிரிகளும் உண்டு. அது வைஃபை மொழி பேசுகிறவர்களை மட்டுமே காட்டும். மைக்ரோவேவ் அடுப்பு 2450 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வேலை செய்கிறது, அதாவது 8-க்கும் 9-க்கும் நடுவில். ஆயிரம் வாட் அளவில் உள்ளே ஓடும்போது, வெளியே கசிவது உடம்புக்குப் பாதுகாப்பான அளவுதான் என்றாலும், ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவில் பேசும் ரூட்டருக்கு அது பெரிய சத்தம். ஒரு குவளைத் தண்ணீரை உள்ளே வைத்து ஒரு நிமிடம் ஓடவிட்டு, பிங்கைப் பார்த்தேன். 5, 4, 6 என்று போய்க்கொண்டிருந்தது 140, 88, 260 என்று குதித்து, மணி அடித்ததும் மீண்டும் 5-க்கு வந்தது. இதற்குச் சேனல் 1 சற்றுத் தள்ளி இருப்பதால் உதவும், ஆனால் எனக்கு 1 முடியாது. ரூட்டரைச் சமையலறைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தேன். யுஎஸ்பி 3 வன்தட்டுகளும் இப்படித்தான். அந்தக் கேபிளும் இணைப்பும் 2.4 பட்டையில் இரைச்சல் எழுப்பும் என்று இன்டெல் 2012-லேயே ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மகளின் லேப்டாப்பில் வன்தட்டு செருகியிருந்தபோதெல்லாம் வயர்லெஸ் மவுஸ் திக்கியது இதனால்தான். ஒரு நீளமான கேபிள் போட்டு வன்தட்டைத் தள்ளி வைத்ததும் நின்றுவிட்டது.

2.4-இல் 12, 13 என்றும் சேனல்கள் பல நாடுகளில் உண்டு. 13 காலியாக இருந்ததால் ஒருநாள் போய்ப் பார்த்தேன். பிரிண்டர் நெட்வொர்க்கையே காணவில்லை என்றது. சில நாடுகளின் சந்தைக்காகச் செய்த கருவிகள் 11-க்கு மேல் தேடவே தேடாது. திரும்பி வந்துவிட்டேன்.

இவ்வளவு பாடும் 2.4-க்கு. 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இன்னொரு பட்டையும் இருக்கும் ரூட்டர் என்றால், வேலைக்கும் வகுப்புக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். நான் அதைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம், என் மேஜையில் அதன் சிக்னல் மைனஸ் 76. அதிக அதிர்வெண் சுவரைத் தாண்டுவது கடினம். சேனல் மாற்றி இதைச் சரியாக்க முடியாது. ரூட்டரைக் கூடத்து மூலையிலிருந்து எடுத்து, இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள நடைவழியில், அலமாரி மேல் வைத்தேன். மைனஸ் 63 ஆனது. வீடியோ பேச்சுக்கு மைனஸ் 67-க்கு மேலே இருந்தால் நல்லது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஒரு கேபிளை நீட்டிய வேலைதான், முதல் வாரமே செய்திருக்க வேண்டியது.

5-இல் சேனல்கள் 36, 40, 44, 48 என்று நான்கு நான்காகத் தாண்டிப் போகும். அதனால் 20 அகலத்தில் ஒன்றோடொன்று இடிப்பதே இல்லை. ஆனால் ரூட்டர்கள் வழக்கமாக 80 அகலத்தில் வரும், 36 முதல் 48 வரை நான்கையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். எங்கள் கட்டடத்தில் 5-இல் இருந்த ஏறக்குறைய எல்லோருமே அந்த நான்கில்தான். 52 முதல் 144 வரை ஆள் நடமாட்டமே இல்லை. 100-க்குப் போனேன். இரண்டு நாள் அப்படி ஒரு நிம்மதி. மூன்றாம் நாள் ஒரு முக்கியமான பேச்சின் நடுவே நெட்வொர்க் பெயரே காணாமல் போனது. சிறிது நேரத்தில் 36-இல் வந்து நின்றது. அடுத்த வாரமும் ஒருமுறை. ரூட்டர் பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். அதன் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது, ரேடார் கண்டறியப்பட்டது என்று இருந்தது.

52 முதல் 144 வரையிலான பகுதியை ரேடார்களும் பயன்படுத்துகின்றன, அவற்றுக்குத்தான் முன்னுரிமை. ரூட்டர் அங்கே பேசத் தொடங்கும் முன் குறைந்தது 60 விநாடி சும்மா கேட்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போது ரேடார் துடிப்பு போல எதுவும் கேட்டால் 10 விநாடிக்குள் விலகிவிட வேண்டும், 30 நிமிடத்துக்கு அந்தச் சேனலுக்குத் திரும்பக் கூடாது. இது சரியான விதி, வானிலை ரேடார்கள் பல அதில் மழையைப் பார்க்கின்றன. விமான நிலையமோ துறைமுகமோ அருகில் இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். எனக்கு இரண்டு முறை ஆனது போதும். உங்கள் ரூட்டர் அடிக்கடி ஒரு நிமிடம் காணாமல் போய்த் திரும்பி வந்தால், பழுது என்று முடிவு கட்டும் முன் அதன் சேனல் எண்ணையும் பதிவேட்டையும் பாருங்கள்.

கடைசியில் எனக்குப் பொருந்தியது 149, அகலம் 40. எல்லா நாட்டிலும் இந்த மேல்பகுதி ஒரே விதமாக அனுமதிக்கப்படவில்லை, அதனால் ரூட்டரில் நாட்டின் பெயர் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 80-இலிருந்து 40-க்கு வந்ததும் வேகச் சோதனையில் காட்டும் எண் குறைந்தது. ஆனால் அகலம் பாதியானால் உள்ளே வரும் இரைச்சலும் பாதியாகும், இடித்துக்கொள்ளும் ஆட்களும் குறைவார்கள். பேச்சுக்குத் தேவை சில மெகாபிட்தான், அது விடாமல் வர வேண்டும். பிங் இரவு எட்டரைக்கு 3, 3, 4, 3 என்று ஓடியதைப் பத்து நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிண்டரும் இரண்டு பழைய கருவிகளும் மட்டும் 2.4-இல், 11-ஆம் சேனலில் இருக்கின்றன. 6 கிகாஹெர்ட்ஸ் பேசும் கருவி எங்களிடம் இன்னும் இல்லை. இருப்பவர்களுக்கு, அந்தப் பட்டை அவர்கள் நாட்டில் திறந்திருந்தால், இப்போதைக்குக் கூட்டமே இல்லாத இடம் அதுதான்.

நோட்டு இன்னும் அலமாரியில், ரூட்டர் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரவு எட்டரைக்கு மூன்று இடத்திலும் நின்று ஒரு வரி எழுதுவேன். போன வாரம் எழுதும்போது மகளின் மேஜையில் ஒரு புதுப் பெயர் வந்தது. மைனஸ் 48, 3-ஆம் சேனல். எதிர்வீட்டுக்கு அந்த வாரம்தான் புதிதாகக் குடி வந்திருக்கிறார்கள். மறுநாள் மாலை போய்க் கதவைத் தட்டினேன். "வாங்கண்ணா" என்று உள்ளே கூப்பிட்டார் அந்தப் பெண். ரூட்டரைப் பற்றி என்றதும், "அதான் பொண்ணு கிளாஸ் எதுவுமே ஒழுங்கா வரல. காலியா இருக்கேன்னு 3-ல வச்சோம்" என்று சொல்லி, கூடத்தில் மின்னிக்கொண்டிருந்த பெட்டியைக் காட்டினார்.

நான் பெட்டியைத் தொடவில்லை. ஃபோனை எடுத்துக்கொண்டு, "உங்க பொண்ணு எங்கம்மா உட்கார்ந்து படிப்பா?" என்று கேட்டேன்.